லாக்போல்ட் இழுக்க எந்தக் கருவி: காற்றா, பவர் பேக்கா, பேட்டரியா?

புதுக் கருவி வாங்கும் பேச்சு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை டன் இழுக்கும்?" டன் கணக்கு பார்க்க வேண்டியதுதான். ஆனால் அது கருவியோடு வரும் தாளிலேயே அச்சாகி இருக்கும், இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடலாம். வாங்கிய மறுமாதத்திலிருந்து தொல்லை தருபவை வேறு. ஸ்ட்ரோக், அதாவது ஒரு இழுப்பில் நகரும் தூரம், பத்தாது. நோஸ், அதாவது கருவியின் முனை, மூலைக்குள் நுழையாது. ஹோஸ் வேலை நடக்கும் இடம் வரை எட்டாது. லாக்போல்ட் என்பது வளையப் பள்ளம் வெட்டிய ஒரு தண்டும் (பின்), அதன் மேல் நசுக்கிப் பூட்டும் வளையமும் (காலர்) சேர்ந்த ஆணி. அதையும் கனமான ரிவெட்டையும் இழுக்கும் மூன்று வகைக் கருவிகளிலும் வருடக்கணக்கில் வேலை பார்த்திருக்கிறேன். எதை எங்கே எடுப்பது என்று என் தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்த்துவிடலாம். உள்ளே நடப்பது புரிந்துவிட்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முறுக்குவதை விட்டு ஏன் இழுக்கிறோம்

சாதாரண போல்ட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கும்போது, நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, தலைக்கு அடியில் உராய்விலேயே தீர்ந்துவிடும். இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வுக்குப் போகும். தகடுகளை இறுக்கிப் பிடிக்க மிஞ்சுவது 10 சதவீதம் அளவுதான். மரையில் கொஞ்சம் துரு இருந்தாலோ எண்ணெய் பட்டிருந்தாலோ அந்தப் பத்தும் ஏறி இறங்கும். ஒரே டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்கிய இரண்டு போல்ட்டுகளும் ஒரே இறுக்கம் தரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

லாக்போல்டில் முறுக்கும் வேலையே இல்லை. பின்னை அதன் வாலைப் பிடித்து நேராக இழுக்கிறோம். இடையில் உராய்வு தின்பது மிகக் குறைவு என்பதால், நூறு லாக்போல்ட் அடித்தால் நூறிலும் இறுக்கம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ரயில் வேகன், லாரி சேஸிஸ், சோலார் பேனல் தாங்கிகள் என்று அதிர்வு ஓயாத இடங்களில் எல்லாம் இதை நம்புவது அதனால்தான். பல இடங்களில் இதற்கு ஹக் போல்ட் என்றே பெயர். இதை உருவாக்கிய லூயிஸ் ஹக் என்பவரின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒரு லாக்போல்ட் உட்காருவதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நான்கு கட்டங்கள் தெரியும். பின்னை ஓட்டைக்குள் விட்டு, மறுபக்கம் காலரைப் போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் வாலின் மேல் கருவியின் நோஸை நுழைக்கிறோம். டிரிகரை அழுத்தியதும் உள்ளே இருக்கும் பல் வைத்த ஜா வாலைக் கவ்விப் பின்னால் இழுக்கும். அதே நேரம் வெளியே இருக்கும் ஆன்வில் காலரை முன்னால் தள்ளும். முதலில் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி மூடும். விசை ஏற ஏற, காலரைத் தள்ளிக்கொண்டிருந்த ஆன்வில் ஒரு கட்டத்தில் அதன் மேலேயே ஏறி, காலரின் உலோகத்தைப் பிதுக்கிப் பின்னில் இருக்கும் வளையப் பள்ளங்களுக்குள் இறக்கும். கடைசியில் பின்னின் கழுத்து 'டப்' என்று முறிந்து வால் தனியே வந்துவிடும். திரும்பும் ஸ்ட்ரோக்கில் கருவி காலரை விட்டுக் கழன்றுகொள்ளும். எல்லாம் ஓரிரண்டு நொடிக்குள் முடிந்துவிடும்.

வால் முறியாத வகையும் உண்டு. அதில் வால் மிகக் குட்டையாக, பின்னோடேயே தங்கிவிடும். முறியும் அதிர்ச்சி கைக்கு வராது, சத்தமும் குறைவு, கீழே வால் பொறுக்கும் வேலையும் இல்லை. ஆனால் அதற்கு நோஸ் வேறு, சில நேரம் கருவியே வேறு. ஆகவே முதலில் எந்த வகை லாக்போல்ட் என்று முடிவு செய்யுங்கள், அப்புறம் கருவியைப் பேசலாம்.

காற்றும் ஆயிலும் சேர்ந்த கருவி

பட்டறைகளில் அதிகம் பார்ப்பது இதுதான். ஏர் ஹோஸ் மட்டும் வெளியே தெரியும், ஆயில் முழுக்கக் கருவிக்குள்ளேயே அடைபட்டிருக்கும். கைப்பிடிக்குக் கீழே உள்ள பெரிய சிலிண்டரில் காற்று ஒரு அகலமான பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பிஸ்டனோடு ஒட்டிய ஒல்லியான தண்டு மேலே ஆயில் நிரம்பிய குழாய்க்குள் ஏறும். அழுத்தப்பட்ட ஆயில் கருவியின் தலையில் இருக்கும் இன்னொரு பிஸ்டனைத் தள்ளும், அதுதான் ஜாவை இழுக்கும். அகலமான பரப்பில் வாங்கிய குறைந்த அழுத்தம், ஒல்லியான முனையில் பெரிய அழுத்தமாக மாறும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்று பாஸ்கல் சொன்ன விதியும், 1795-ல் ஜோசப் பிராமா காப்புரிமை வாங்கிய ஹைட்ராலிக் பிரஸ்ஸும் கைக்குள் அடங்கி வந்திருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காற்றுப் பிஸ்டன் 100 மி.மீ. விட்டம், தண்டு 14 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு விகிதம் சுமார் 51. காற்று 6 பார் (பார் என்பது அழுத்த அலகு) வந்தால் ஆயிலில் 306 பார். தலைப்பக்கப் பிஸ்டனின் பரப்பு 7.5 சதுர செ.மீ. என்றால் இழுவிசை ஏறத்தாழ 23 கிலோநியூட்டன், அதாவது 2.3 டன். உராய்வில் கொஞ்சம் போகும், அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சரி, இத்தனை விசை சும்மா வந்துவிடுமா? வராது. அந்த ஒல்லித் தண்டு 10 செ.மீ. ஏறினால் தள்ளும் ஆயில் வெறும் 15.4 மில்லிலிட்டர். அதை 7.5 சதுர செ.மீ. பிஸ்டன் மேல் பரப்பினால் கிடைக்கும் ஸ்ட்ரோக் 20.5 மி.மீ. மட்டுமே. விசையை ஏற்றியதற்கான விலையை ஸ்ட்ரோக்கில் கொடுத்துவிட்டோம். டன்னை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கனமான தகடுகளை நெருக்கிச் சேர்க்க வேண்டிய வேலையில், அல்லது நீளமாக நசுங்கும் ரிவெட்டில், விசை மிச்சமிருக்கும்போதே ஸ்ட்ரோக் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கோளாறு கண்டுபிடிப்பதும் சுலபம். ஒரு இரவு ஷிஃப்டில் எங்கள் கருவி திடீரென்று முதல் இழுப்பில் வாலை முறிக்க மறுத்தது. இரண்டாவது தடவை டிரிகரை அழுத்தினால்தான் முறிந்தது. ஜா வழுக்குகிறது என்று நினைத்துப் புது ஜா போட்டோம். மாற்றமில்லை. கம்ப்ரசரைக் குறை சொன்னோம். கேஜில் 6 பார் நின்றது. கடைசியில் ஒருவர் கருவியை மேசையில் வைத்து, ஆயில் நிரப்பும் திருகைத் திறந்து, மேலே நிரப்பும் புட்டியை மாட்டி, டிரிகரை மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டார். புட்டிக்குள் ஆயில் பால் போல வெளுத்து, கடுகு கடுகாகக் குமிழிகள் ஏறின. காற்று நசுங்கும், ஆயில் நசுங்காது. மேலே பார்த்த அளவுள்ள கருவியில் ஆயிலுக்குள் ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்று புகுந்தால்கூட ஸ்ட்ரோக்கில் 1.3 மி.மீ. காணாமல் போகும். இருபது தடவைக்கு மேல் அழுத்திக் குமிழி நின்ற பிறகு, அதே கருவி ஒரே இழுப்பில் வேலையை முடித்தது. எங்களுக்கு இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

அன்று முதல் நான் வைத்திருக்கும் அடையாளம் இது. ஸ்ட்ரோக் வழக்கத்தைவிடக் குட்டையாக முடிகிறது, ஆனால் இழுக்கும் வரை வலுவாக இழுக்கிறது என்றால் ஆயில் குறைவு அல்லது காற்று. பாதியில் திணறி நிற்கிறது என்றால் காற்றழுத்தம் போதவில்லை. காற்று 6-லிருந்து 5 பாருக்கு இறங்கினால், அந்த 23 கிலோநியூட்டன் 19-க்கு வந்துவிடும். 20 கேட்கும் ஆணி அங்கேயே நின்றுவிடும். இதில் ஏமாற்றுவது கேஜ்தான். கம்ப்ரசர் பக்கத்தில் இருக்கும் கேஜ் 6 காட்டும், ஆனால் நீளமான ஒல்லி ஹோஸின் மறுமுனையில், பக்கத்தில் இன்னொருவர் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த 6 இருக்காது. அழுத்தத்தைக் கருவி மாட்டும் இடத்தில், டிரிகர் அழுத்தியிருக்கும்போது பாருங்கள்.

இந்த வகைக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. வேகம் அதிகம், வெளியே உயர் அழுத்த ஹோஸ் கிடையாது, சீலும் ஓ-ரிங்கும் நாமே மாற்றிக்கொள்ளலாம். காற்று வடிகட்டியில் தண்ணீரைத் தினமும் வடித்துவிட்டால் வருடக்கணக்கில் உழைக்கும். குறை என்றால் எடைதான். காற்று சிலிண்டரையும் நம் கையே தூக்க வேண்டும். தலைக்கு மேலே பிடித்து இழுக்கும் வேலையில் ஷிஃப்ட் முடியும்போது தோள் சொல்லிவிடும்.

தனி பவர் பேக்

10 மி.மீ. தாண்டிய லாக்போல்ட் என்றால் மேலே சொன்ன வழி எட்டாது. அத்தனை விசைக்குக் காற்று சிலிண்டர் கையில் பிடிக்க முடியாத அளவு பெருத்துவிடும். அதனால் அழுத்தம் உண்டாக்கும் வேலையைக் கருவியிலிருந்து பிரித்துத் தரையில் வைத்துவிடுகிறோம். மோட்டார், பம்ப், ஆயில் தொட்டி எல்லாம் ஒரு பெட்டியில். அங்கிருந்து இரண்டு ஹோஸ், ஒரு மின்கம்பி. டிரிகர் அழுத்தினால் பெட்டியில் இருக்கும் வால்வு திறந்து ஒரு ஹோஸ் வழியாக ஆயில் பாயும், பிஸ்டன் இழுக்கும். விட்டால் மற்ற ஹோஸில் ஆயில் வந்து பிஸ்டனைத் திருப்பித் தள்ளும்.

இங்கே இழுக்கும் அழுத்தம் சாதாரணமாகவே 400 பார் அளவுக்குப் போகும். 30 சதுர செ.மீ. பிஸ்டன் இருந்தால் 120 கிலோநியூட்டன், 12 டன்னுக்கு மேல். தொட்டியில் ஆயில் இருக்கும்வரை ஸ்ட்ரோக்குக்குப் பஞ்சமில்லை, அதைக் கருவியின் நீளம்தான் தீர்மானிக்கும். கையில் இருப்பது வெறும் இழுக்கும் தலை என்பதால், செய்யும் வேலைக்கு எடையும் குறைவு. ஒரே பெட்டிக்கு நேர் நோஸ், வளைந்த நோஸ் என்று மாற்றி மாற்றி மாட்டலாம். ஒரே இடத்தில் நாள் முழுக்கக் கனமான ஆணி அடிக்கும் வேலைக்கு இதற்கு ஈடு இல்லை.

ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏற முடியாது. ஹோஸை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைவதே ஒரு வேலை. தொடர்ந்து ஓட்டினால் ஆயில் சூடேறி இளகும், குளிர்ந்த காலையில் கெட்டியாகிச் சோம்பும். ஹோஸை மாட்டும் கப்ளிங் முழுதாக உட்காரவில்லை என்றால் ஆயில் போகும், திரும்பி வராது. கருவி பாதியில் பிடித்துக்கொண்டு நிற்கும், நாம் கருவியையே சந்தேகப்படுவோம். மாட்டும்போது கடைசி மரை வரை இறுக்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அந்த மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். பிய்ந்த துணுக்கு வால்வுக்குள் போய் அடைத்தால் முழுவதையும் கழற்ற வேண்டி வரும். அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றுவதும் கூடாது. வழக்கமான ரப்பர் சீல்களை அது ஊதி உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

இன்னொன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். ஹோஸில் ஊசிமுனை அளவு கசிவு இருக்கிறதா என்று ஒருபோதும் விரலால் தடவாதீர்கள். இந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே திசு அழுக ஆரம்பித்திருக்கும். உடனே அறுவை சிகிச்சைக்குப் போக வேண்டிய காயம் அது. சந்தேகம் வந்தால் பெட்டியை அணைத்து, அழுத்தத்தை இறக்கிவிட்டு ஹோஸை மாற்றுங்கள். தேடியே ஆக வேண்டுமென்றால் ஒரு அட்டையை நீட்டிப் பாருங்கள்.

பேட்டரி

இதில் இரண்டு இனம் இருக்கிறது, கடையில் இரண்டையும் ஒரே பெயரில்தான் காட்டுவார்கள். ஒன்றில் மோட்டார் ஒரு பால் ஸ்குரூவை (குட்டி உருண்டைகள் மேல் ஓடும் திருகை) சுழற்றி ஜாவை இழுக்கும், ஆயிலே கிடையாது. மற்றதில் மோட்டார் ஒரு குட்டி பம்பை ஓட்டி ஆயிலை அழுத்தும். மின்கம்பி முனையில் மாட்டும் கேபிள் லக்கை நசுக்கும் பேட்டரிக் கருவியைப் பார்த்திருந்தால் அதே வேலைதான் இதுவும். ரிவெட்டுக்கு வருபவை பெரும்பாலும் முதல் இனம்.

ஆயில் இல்லாத கருவியில் காற்றுக் குமிழித் தொல்லையே இல்லை, ஸ்ட்ரோக்கும் கடைசி வரை ஒரே அளவு. ஹோஸ் இல்லாத சுகத்தை ஒரு தடவை அனுபவித்தவர்களுக்குத் திரும்பிப் போக மனம் வராது. கூரை மேல், கோபுரத்தில், ஓடாமல் நின்றுவிட்ட வண்டிக்கு அடியில் எல்லாம் இதுதான் கைகொடுக்கும். ஆனால் கையடக்கமானவற்றில் பல 20 கிலோநியூட்டன் பக்கம் வந்து நின்றுவிடும். 6.4 மி.மீ. எஃகு லாக்போல்ட் அந்த எல்லையை ஒட்டித்தான் வரும். எல்லையிலேயே நாள் முழுக்க ஓட்டினால், வால் முறியும் ஒவ்வொரு அதிர்ச்சியும் ஸ்குரூவுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேரும். காற்றுக் கருவியைவிட ஒரு சுற்று மெதுவாகவும் இருக்கும். நூறு ஆணியில் அது தெரியாது, ஆயிரத்தில் நன்றாகத் தெரியும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கையால் அழுத்தும் நெம்புகோல் கருவியையும் சேர்க்கச் சொல்வார்கள். சின்ன அலுமினிய ரிவெட்டுக்கும் எப்போதாவது வரும் ரிப்பேருக்கும் அது போதும். லாக்போல்ட் ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

ரிவெட் நட் போடுகிறவர்களுக்கு

ரிவெட் நட் என்பது தகட்டு ஓட்டையில் நசுங்கி உட்காரும், உள்ளே மரை வைத்த நட்டு. அதற்கும் இதே கருவிகளின் வேறு நோஸ் வரும், ஆனால் அங்கே வால் முறிவது கிடையாது. எப்போது நிறுத்துவது என்று கருவிக்கு நாம் சொல்ல வேண்டும். இத்தனை மி.மீ. இழுத்ததும் நிறுத்து என்று ஸ்ட்ரோக் வைத்து அமைக்கலாம், அல்லது இத்தனை விசை வந்ததும் நிறுத்து என்று அமைக்கலாம். தகடு எப்போதும் ஒரே கனம் என்றால் ஸ்ட்ரோக் அமைப்பு போதும். 2 மி.மீ. தகட்டுக்கு வைத்த ஸ்ட்ரோக்கில் 3 மி.மீ. தகட்டைப் பிடித்தால் இழுப்பு அதிகமாகி மரை பிய்ந்துவிடும். தகடு மாறி மாறி வருகிற இடத்தில் விசை வைத்து நிறுத்தும் கருவியையே வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

என் தீர்ப்பு

6.4 மி.மீ. வரை, ஒரே இடத்தில், கம்ப்ரசர் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் காற்றும் ஆயிலும் சேர்ந்த கருவிதான். யோசிக்கவே வேண்டாம். 10 மி.மீ.க்கு மேல் என்றால் பவர் பேக், அதிலும் யோசிக்க ஒன்றுமில்லை. நடுவில் இருக்கும் 8 மி.மீ. தான் சிக்கலான இடம். பெரிய காற்றுக் கருவியும் இழுக்கும், சின்ன பவர் பேக்கும் இழுக்கும். நாள் ஒன்றுக்கு ஐநூறுக்கு மேல் அடிக்கிறீர்கள், அல்லது தலைக்கு மேல் பிடிக்கும் வேலை பாதிக்கு மேல் என்றால், நான் பவர் பேக் பக்கம் போவேன். கையில் தூக்கும் எடைதான் எனக்கு அங்கே முதல் கணக்கு. பேட்டரியை முதல் கருவியாக வெளி வேலைக்காரர்களுக்கு மட்டும் சொல்வேன். பட்டறைக்கு அது நல்ல இரண்டாவது கருவி.

ஆள் பழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள், எந்த வகை ஆனாலும் இந்த இரண்டும் பொது. காலர் போடாமல் வெறும் பின்னை இழுத்தால், வால் முறியும்போது பின் துப்பாக்கிக் குண்டு மாதிரி எதிர்ப்பக்கம் பறக்கும். காலரின் சரிவான முனை கருவியைப் பார்த்து இருக்க வேண்டும், தகட்டைப் பார்த்து இருக்கக் கூடாது. புதிதாக வருகிறவருக்கு டிரிகரைக் காட்டும் முன் இதைக் காட்டிவிடுங்கள், கண்ணாடியும் போடச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கருவியைச் செய்முறை காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரித் தகட்டில் எல்லாமே அழகாக உட்காரும். உங்கள் வேலையில் மிகத் தடித்த இணைப்பு ஒன்று, மிக மெல்லியது ஒன்று, நோஸ் நுழைய மிகக் குறுகலான மூலை ஒன்று, இந்த மூன்றையும் நீங்களே எடுத்து வையுங்கள். மூலையில் பிடிக்கும்போது கருவி தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் காலர் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் மெலிந்து பிதுங்கும். இழுத்த காலரை அளவு கேஜ் வைத்துச் சரிபாருங்கள். தடித்த இணைப்பில் வால் முதல் இழுப்பிலேயே முறிகிறதா என்று இருபது முப்பது தடவை அடித்துப் பாருங்கள், ஆயில் சூடேறிய பிறகு இன்னும் பத்து. பிறகு ஜா மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று உங்கள் ஃபிட்டரையே செய்யச் சொல்லிப் பாருங்கள்.